ஸ்டெல்லாவின் கேள்விக்குக் கீழே என் பெயர்

முதல் கைப்பிடி மோல்ட் அச்சிலிருந்து விழுந்ததும் ஸ்டெல்லா எடுத்துப் பார்த்தார். அப்படியே என் கையில் வைத்தார். வேக்குவம் கிளீனர் கைப்பிடி. வலப்பக்கம் இருக்க வேண்டிய கொக்கி இடப்பக்கம் இருந்தது.

தம்போயில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அந்த புராஜெக்டுக்கு நான் பொறுப்பு, ஸ்டெல்லா தரம் பார்க்கும் கியூசி. டிராயிங்கை எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்கும் சிஸ்டம் அப்போதுதான் வந்திருந்தது. டிராயிங் மாறினால் ஒன்பது பேருக்கும் போனில் தகவல் வரும். பார்த்துவிட்டு ‘அப்ரூவ்’ அழுத்த வேண்டும். மீட்டிங்குகள் குறைந்தன, வேலை வேகமானது. நானே அதை எல்லாரிடமும் புகழ்ந்திருக்கிறேன்.

மேனேஜர் குணா கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அலமாக்! ஒன்பது பேர்ல ஒருத்தர் கண்ணுலகூடவா படல?”

“டூல் ரூம்ல மோல்ட தப்பா வெட்டிட்டாங்க சார்,” என்றேன் உறுதியாக.

“சிஸ்டத்தத் திறங்க, பார்ப்போம்லா.”

திறந்தேன். டூல் ரூமில் மோல்டை டிராயிங்கில் உள்ளபடியேதான் வெட்டியிருந்தார்கள். டிசைன் பிரிவு திருத்தியபோது பக்கம் மாறியிருக்கிறது. ஓரத்தில் ஸ்டெல்லாவின் கேள்வி: ‘கொக்கி பக்கம் மாறியிருக்கு. கஸ்டமர் கேட்டாங்களா?’ அதற்குப் பதில் இல்லை. கீழே எட்டு அப்ரூவ். முதல் பெயர் என்னுடையது.

கார் ஜாமில் நின்றபோது அழுத்தியது நினைவு வந்தது. கேள்வியைப் படித்த நினைவே இல்லை. மற்ற ஏழு பேரும் ஒரே காரணம் சொன்னார்கள்: “நீங்க பார்த்துட்டீங்கன்னு நினைச்சோம்.”

எட்டுப் பேர் போதும் என்று செட் செய்ததும் நான்தான். ஒருவர் லீவில் போனால் வேலை நிற்கக் கூடாதே!

“நீங்க மட்டும் அழுத்தலையா, ஸ்டெல்லா?” என்று கேட்டேன்.

“எப்படிண்ணே அழுத்துறது? பதில் வரும்னு பார்த்தேன். எட்டுப் பேரும் ஓகேன்னதும், எனக்குத்தான் விஷயம் தெரியல போலன்னு விட்டுட்டேன்.”

மோல்டைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. கஸ்டமர் அடுத்த மாடலை வேறு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டார். சிஸ்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேள்வியை அது கண்ணெதிரே வைத்திருந்தது.

இப்போது நான் அப்ரூவ்களை எண்ணுவதில்லை. யார் இன்னும் அழுத்தவில்லை என்று பார்த்து, அவருக்குப் போன் போடுகிறேன். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: “நீங்க என்னா பார்த்தீங்க?”