வேனைக் கூப்பிடும் பொத்தான்

பொத்தானைப் பெரிதாக்கினால் போதும், உலகத்தில் எல்லோரும் என் செயலியைப் பயன்படுத்திவிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. சிரம்பானில் மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். சோற்றுத் தட்டு அளவுக்குப் பொத்தான், தமிழில் எழுத்து, தொட்டால் ஒரு சத்தம். சாதாரண மனிதருக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சாப்பாட்டு நேரம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நம்பிக்கையோடுதான் கோலா பிலா பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குப் போனேன். அங்கே ஒரு சமூகச் சங்கம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலிலேயே ஏற்றிக்கொள்ள ஒரு வேன் விட்டிருந்தது. ஓட்டுநர் பழைய லாரிக்காரர். ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்க முடியாது. நிறுத்திவிட்டுப் பார்த்தால், கூப்பிட்டது எந்த வீடு என்று புரியாது. அவர் போய் நிற்கும் லயத்தில் ஆள் இருக்காது. ஆள் காத்திருக்கும் லயத்துக்கு அவர் போயிருக்க மாட்டார். இதைத் தீர்க்கத்தான் என் செயலி. பொத்தானை அமுக்கினால் ஓட்டுநரின் திரையில் வீடும் பெயரும் விழும்.

சங்கத்துச் செயலாளர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதிப் பழகியவர். எதையும் சந்தேகத்தோடுதான் தொடுவார்.

“இங்க பாருங்க மிஸ்டர், ஒரு காலையில ஓட்டிப் பார்ப்போம். சரியா வந்தா வெச்சிக்கலாம். வரலன்னா வேன் இனிமே உள்ள வராது. மெயின் ரோட்டுல நிக்கும். வேணுங்கறவங்க நடந்து வந்து ஏறிக்கட்டும்” என்றார்.

மேட்டு லயத்தில் ஓர் அக்கா இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர். அவர் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நீளமான செம்மண் பாதை. வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவர் அதில் எப்படி நடப்பார்? வேன் உள்ளே வராவிட்டால் அவருக்குச் சிகிச்சை இல்லை. மேடையில் நான் பெருமையடித்த பொத்தானில் இப்போது ஓர் உயிர் தொங்குகிறது.

முதலில் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பழக்கினேன். பொத்தானை அமுக்குங்கள் என்றேன், அமுக்கினார்கள். அமுக்கியதும் போன் மணி அடிப்பது போலவே ‘கர்ர்... கர்ர்...’ என்று சத்தம் வரும். அது என் சொந்தக் கற்பனை, அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். வேன் வேண்டாம் என்றால் அமுக்குவதற்குக் கீழே சிவப்பு வட்டம். நான் சொல்லாத எதையும் ஒருவரும் தொடவில்லை. பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“சூப்பரா இருக்கு தம்பி. சாப்டீங்களா?” என்றார்கள்.

மேட்டு லயத்து அக்கா மட்டும் திரையை எட்டப் பிடித்துப் பார்த்தார். “பொத்தான் ஏன் தம்பி இவ்ளோ பெருசு? எனக்குக் கிட்னிதான் போச்சி, கண்ணு நல்லா தெரியுது லா.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சோதனை அமோக வெற்றி என்று தெமியாங்கில் இருந்த என் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியற்காலை. வேன் தோட்டத்து முச்சந்தியில் நின்றது. ஓட்டுநர் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, நான் பக்கத்தில் அவருடைய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் செயலாளர், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் தேநீர். அவர் உறிஞ்சுகிற சத்தம்கூட என்னைச் சந்தேகப்படுவது போலத்தான் கேட்டது.

திரையில் முதல் வீடு விழுந்தது. “வந்துருச்சு!” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அது மறைந்தது. ரத்து.

இன்னொரு வீடு வந்தது. அதுவும் ரத்து. அடுத்தடுத்து வந்தவையும் ரத்து. பிறகு மேட்டு லயத்து அக்காவின் பெயர். கண்ணால் பார்த்தேனா இல்லையா என்று சந்தேகப்படும்படி வந்து, போய்விட்டது.

“என்னா தம்பி, பேய் கீய் கூப்பிடுதா?” என்றார் அண்ணன்.

போனை அணைத்து மூட்டினேன். ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், கூரைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கணினி படித்த மனிதன் செய்கிற காரியமா இது? செய்தேன். யாரோ வெளிநாட்டுக் கள்வர்கள் தோட்டத்து வேனைக் கைப்பற்றிவிட்டார்கள் என்றுகூட ஒரு கணம் உறுதியாக நம்பினேன். அவர்களுக்கு இந்த ஓட்டை வேன் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

“ஜனங்களுக்குப் பிடிக்கல மிஸ்டர். வேணாம் வேணாம்னு அமுக்குறாங்க. பளிச்சுனு தெரியுதே” என்றார் செயலாளர்.

டயாலிசிஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவிடமே கேட்டுவிடுவோம் என்று என் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன். ஒரு ரிங் போனது. என் கட்டைவிரல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சிவப்பு வட்டத்தை அமுக்கி வெட்டிவிட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, பேசப் போறேன்னு மிஸ் கால் குடுக்குற?”

நான் என் விரலைப் பார்த்தேன். வருடக்கணக்காக இந்த விரல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஒரு ரிங் விட்டு வெட்டினால் என் மனைவிக்குப் புரியும், நான் கிளம்பிவிட்டேன், குழம்பைச் சூடு பண்ணலாம். இரண்டு ரிங் என்றால் வாசலில் நிற்கிறேன், கதவைத் திற. எதிரில் இருப்பவர் எடுப்பதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காசு போய்விடும். தோட்டத்தில் எல்லோரும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் நான் என்ன கொடுத்திருக்கிறேன்? போன் மாதிரியே மணி அடிக்கிற ஒரு பொத்தான். அதற்குக் கீழே, வெட்டுவதற்கு வசதியாக, போனில் இருக்கிற அதே சிவப்பு வட்டம்.

“அண்ணே, வண்டிய எடுங்க! எடுங்கண்ணே!”

“எங்க?”

“ரத்தான வீட்டுக்கெல்லாம்! பட்டியல் இந்தப் போன்ல இருக்கு!”

செயலாளருக்குத் தே தாரிக் புரையேறிவிட்டது. “வேணாம்னு சொன்னவங்க வீட்டுக்கு எதுக்குய்யா போறோம்?”

“வேணும்னுதான் வெட்டியிருக்காங்க சார்!”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஆஸ்பத்திரிக்கு முதலில் ஏற்ற வேண்டியவன் நான்தான் என்று எழுதியிருந்தது. ஆனால் அண்ணன் ஏற்கெனவே கியரைப் போட்டிருந்தார்.

மேட்டு லயத்தில் அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போர்வை மடித்துப் பைக்குள், தண்ணீர் போத்தல் மடியில், தலையில் மல்லிகைகூட இருந்தது.

“ஒரு ரிங்தான் உட்டேன், டக்குனு வந்துட்டீங்களே! பொத்தான் நல்லா வேல செய்யிது தம்பி” என்றார்.

எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழாமல் பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஒருவர் மருந்துச் சீட்டோடு நின்றார். அதற்கடுத்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒவ்வொரு வாசலிலும் ஆள் தயாராக நிற்க நிற்க, நான் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி ஜன்னல் வழியாகக் கையசைக்க ஆரம்பித்தேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் துண்டு கட்டிய பெரியவர் எட்டிப் பார்த்து, “மருமவன் கார் வந்துருச்சி லா, நான் நெசமாவே வேணாம்னுதான் அமுக்குனேன்” என்றார். வேனே அதிர்ந்து சிரித்தது. செயலாளர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெரியவருக்காகத்தான் மறுபடி உட்கார்ந்து யோசித்தேன். இந்தத் தடவை மண்டபத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய், வாயைத் திறக்காமல், விரல்களை மட்டும் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. கடைசியில் சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு தடவை அமுக்கினாலும் சரி, வெட்டுகிற பழக்கத்தில் மறுபடி அமுக்கினாலும் சரி, கூப்பிட்டதாகத்தான் கணக்கு. வேண்டாம் என்றால் வேறொரு இடத்தில் தொட வேண்டும். ‘வேன் வேணாமா?’ என்று ஒரு குரல் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். அண்ணன் வண்டியை எடுத்ததும், கூப்பிட்டவர் போனில் ஒரே ஒரு ரிங் அடித்து நிற்கும். மிஸ் காலுக்குப் பதில் மிஸ் கால். அதற்கு மேடையில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பொத்தானையும் சின்னதாக்கிவிட்டேன்.

சங்கம் வேனை மெயின் ரோட்டில் நிறுத்தவில்லை. அது லயங்களுக்குள்ளேயே வருகிறது. மேட்டு லயத்து அக்கா தன் வாசலில் ஏறி, டயாலிசிஸ் முடிந்து, தன் வாசலிலேயே இறங்குகிறார்.