விட்டுப்போன ‘க்கு’

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முதுகலையில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் அவளைச் ‘சமாதானம்’ என்றுதான் கூப்பிட்டார். மனிதநேயப் பணியும் சமாதானக் கட்டமைப்பும் என்று படிப்பின் பெயர் ரயில் மாதிரி நீண்டது. அதில் அண்ணன் வாயில் நுழைந்தது அந்த ஒரு பெட்டிதான். மாலை வகுப்பு முடிந்து வந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“வாங்க சமாதானம். உலகத்துல சண்டையெல்லாம் தீந்துடுச்சா, நாளைக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கா?”

நாற்பது தாண்டியவளுக்கு இந்த வயதில் படிப்பு எதற்கு என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். தெரியாதவர்களும் கேட்டார்கள். கல்யாணமாகி, அது சில வருடங்களில் ஒன்றுமில்லாமல் போய், பிறந்த வீட்டின் முன்னறைக்குத் திரும்பி வந்தவள் என்றால் கேள்வி கேட்க யாருக்கும் அனுமதி தேவைப்படுவதில்லை. ஒரு நிவாரண அமைப்பின் கிடங்கில் அவளுக்கு வேலை. போர்வை, தார்ப்பாய், வாளி. வெள்ளம் வந்தாலும் சரி, யாராவது யார் வீட்டுக்காவது தீ வைத்தாலும் சரி, கிடங்கிலிருந்து போவது இவைதான். அடுக்கி, எண்ணி, லாரியில் ஏற்றி அனுப்புவாள். அவள் அனுப்பிய போர்வை யார் தோளில் போய் விழுந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. களத்துக்குப் போக வேண்டுமென்றால் முதுகலை வேண்டும் என்றார் மேலாளர். அது அவள் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். சொல்லாத காரணம் வீட்டிலேயே, மாடிக்கும் கீழுக்கும் நடுவில் கிடந்தது.

கீழே அண்ணன், அண்ணி, அம்மா; அண்ணன் பிள்ளைகள் வெளியூர் விடுதியில் படித்தார்கள். முன்னறையில் இவள். மாடியில் தம்பி, அவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்குழந்தை. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்கதவு, ஒரே மாடிப்படி, படிக்கு அடியில் ஒரே தண்ணீர் மோட்டார். அண்ணனும் தம்பியும் பதினோரு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேசவில்லை என்றால் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. அம்மா வழியாகப் பேசினார்கள். படியடியில் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். நடுவில் அம்மா.

“மோட்டார் போட்டாச்சுன்னு அவன்கிட்ட சொல்லும்மா.”

“மோட்டார் போட்டாச்சாம்டா.”

“டேங்க் நிறைஞ்சா குரல் கொடுக்கறேன்னு சொல்லும்மா.”

“குரல் கொடுப்பானாம்.”

அம்மா இதை அலுப்பில்லாமல் செய்தாள். இரண்டு பேர் குரலும் அவள் வாய் வழியாகப் போய்வந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. புதிதாக வீட்டுக்கு வந்த யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

தம்பி மனைவிக்கு உடன்பிறந்தவன் ஒருவன் இருந்தான். எல்லோருக்கும் அவன் குட்டி. அச்சகத்தில் வேலை பார்த்தான். இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தான். பதினோரு வருடத்துக்கு முன் ஊரில் கலவரம் வெடித்து ஊரடங்கு போட்ட அந்தச் சாயங்காலம் அவனைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். தம்பி, மனைவியோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போயிருந்தான். இவள் அப்போது புருஷன் வீட்டில். வீட்டில் இருந்தது அண்ணனும் அண்ணியும் அவர்கள் பிள்ளைகளும். குட்டி வந்து கதவைத் தட்டியதை எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் இடுக்கில் பார்த்தார். கதவு திறக்கவில்லை. மறுநாள் தெருமுனையில் அவன் கிடந்தான்.

ஏன் திறக்கவில்லை என்று அழுது கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் மூன்றே வார்த்தை வைத்திருந்தார். “மோட்டார் ஓடிச்சு. கேக்கல.”

அந்தப் பதிலைத் தம்பி நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். அவன் மனைவிதான் பாவம், அந்த மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதே வீட்டில் குடியிருந்தாள். கீழே மோட்டார் போட்டதும் சில நாள் வாசல்வரை இறங்கி வந்து நிற்பாள். காதைக் கொடுத்துக் கேட்பாள். “இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறிவிடுவாள். இதையெல்லாம் சமாதானம் முன்னறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் படித்தாள். இப்படி ஒரு வீட்டைச் சரிசெய்ய எங்கோ ஒரு புத்தகத்தில் வழி எழுதியிருக்காதா என்ற ஆசை. ஆசை தப்பில்லை. புத்தகங்கள் எல்லாமே பெரிய சண்டைகளைப் பற்றி இருந்தன. படைகள், எல்லைகள், ஒப்பந்தங்கள். ஒரு மாடிப்படிக்கு ஒன்றும் இல்லை.

வகுப்பெடுத்த பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘மறுபடி மேடம்’. யார் என்ன சொன்னாலும் “மறுபடி சொல்லுங்க, அவங்க சொன்னதை உங்க வாயால” என்பார். பிணக்குத் தீர்ப்பதில் முதல் பாடம் அதுதானாம். ஒருவர் பேசியதை நடுவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“பேசறவங்க பாதியை முழுங்கிடுவாங்க. யார், யாருக்கு, யாரை எல்லாமே உள்ள போயிடும். முழுங்கினதை எடுத்து வெளிய வைங்க. கடைசியில ‘நான் சொன்னது சரியா’ன்னு கேளுங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் அது அவங்க பேச்சு.”

மின்விசிறி வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் சண்டை என்று வைத்துக்கொண்டு பழகினார்கள். நடுவராக உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர். “நீங்க சொல்றது, உங்களுக்கு வேர்க்குது. வேர்க்குதுன்னு ஒத்துக்கறீங்க. சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சமாதானமும் சிரித்தாள். அந்த இரண்டு வருடத்தில் அவள் நன்றாகச் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

கடைசிப் பருவத்தில் நிஜமான ஒரு பிணக்கில் நடுவராக இருந்து அறிக்கை தர வேண்டும். சொந்த வீட்டை மட்டும் தொடக்கூடாது என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னார். இவள் ‘பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அதற்கு அவசரம் இருந்தது. தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்புகிற தூரமில்லை. ஒருநாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி இவளிடம் சொன்னாள்.

“அக்கா, பெரியவர் என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை பேசட்டும். ‘கேக்கலம்மா, என்னை மன்னிச்சுடு’ன்னு ஒரு வார்த்தை. நாங்க எங்கயும் போகல. அத்தையை விட்டுட்டுப் போக எங்களுக்கு மட்டும் ஆசையா?”

இவ்வளவுதானா என்றிருந்தது சமாதானத்துக்கு. அண்ணன் வருடக்கணக்காகச் சொல்லிவந்த அதே வார்த்தை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னால் போதும். அண்ணனைக் கெஞ்சினாள், கொஞ்சினாள், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். “சரி, உன் பரீட்சைக்காக வரேன், போ” என்று ஒருவழியாக இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். கட்டிலில் அம்மா. ஒரு பக்கம் அண்ணனும் அண்ணியும், எதிரே தம்பியும் அவன் மனைவியும். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஸ்டூல் போட்டுச் சமாதானம். எல்லோருக்கும் தேநீர் வைத்தாள். யாரும் தொடவில்லை. தம்பி மனைவி முதலில் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இவள் திருப்பிச் சொன்னாள், விழுங்கியதை எடுத்து வைத்தாள். “சரியா?” என்று கேட்டாள். “சரி அக்கா” என்றாள் அவள். நன்றாகத்தான் போனது.

அண்ணன் முறை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என்னத்தைச் சொல்ல. மோட்டார் ஓடிச்சு. தட்டினப்போ கேக்கல.”

யார், யாருக்கு, யாரை. இரண்டு வருடப் படிப்பு அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றது. முதுகை நிமிர்த்திக்கொண்டு தெளிவாகத் திருப்பிச் சொன்னாள்.

“அண்ணா சொல்றது இதான். மோட்டார் ஓடிச்சு. குட்டி தட்டினப்போ, அண்ணன் கேக்கல. நான் சொன்னது சரியா?”

‘அண்ணனுக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டும். ‘க்கு’ விட்டுப்போயிற்று. காதில் விழவில்லை என்பது போய், யாரென்று விசாரிக்கவில்லை என்று ஆகிவிட்டது. சொன்ன மறுகணமே அவளுக்குத் தெரிந்தது. இல்லை இல்லை, அண்ணனுக்குக் கேக்கல, என்று திருத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் தலை நிமிர்ந்தது. தங்கையை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

“சரிதான்” என்றார்.

தங்கையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“நான் கேக்கல. யாருன்னு கேட்டா குரல் கொடுப்பான். குரல் தெரிஞ்சுட்டா கதவைத் திறக்கணும். உள்ள எம் பிள்ளைங்க இருந்துச்சு. அதான் கேக்கல.”

தம்பி மனைவி அழவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். “மோட்டார்?”

பதினோரு வருடம் வாய் திறக்காத அண்ணி திறந்தாள். “தட்டறது நிக்கவே இல்ல. என்னால தாங்க முடியல. நாந்தான் போய்ப் போட்டேன்.”

தம்பி எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று சமாதானம் குறுக்கே பாய்ந்தாள். அவன் அடிக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி, குழந்தையை எழுப்புவது மாதிரி மெல்ல எழுப்பி, வெளியே கூட்டிக்கொண்டு போனான். படியேறும் சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து அம்மா மகனையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தாள். எதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சமாதானம்” என்றார் அண்ணன். கேலி இல்லாமல் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசிக்குள் மாடி காலியானது. வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது சமாதானம் தம்பி மனைவியிடம் போய் நின்றாள். “நான் வாய் தவறிச் சொல்லிட்டேன், வேணும்னு சொல்லல” என்றாள். அவள் தலையாட்டினாள்.

“தெரியும் அக்கா. உங்க மேல கோவம் இல்ல. ஆனா எனக்கு அந்த மோட்டார் வேணும்க்கா. அதைப் பிடிச்சுத்தான் இத்தனை நாள் இங்க தூங்கினேன். இப்ப எங்க போய்த் தூங்குவேன்னு தெரியல.”

இதற்கு எந்தப் பருவத்திலும் பாடம் இல்லை.

அறிக்கையை எழுதிக் கொடுத்தாள். தன் வாய் தவறியதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை அப்படியே எழுதினாள். மறுபடி மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார். விழுங்கியதை எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார். உண்மை வெளிவருவதுதான் சமாதானத்தின் முதல் படி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். போலீஸ்காரர்தான் அதிகம் தட்டினார். இரண்டாவது படி எது மேடம் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

பட்டம் வந்தது. களப்பணிக்கு வெளியிலிருந்து ஒரு இளைஞனை எடுத்துவிட்டார்கள். வயதும் அவனுக்குச் சாதகம், பாஷையும் சாதகம். அவள் கிடங்குக்கே திரும்பினாள். போர்வை, தார்ப்பாய், வாளி. அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அந்தக் கேலியாவது மிச்சமிருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஞாபகம் நழுவத் தொடங்கியது. காலையில் அண்ணன் மோட்டார் போட்ட சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள். முதல் படியில் ஒரு காலை வைத்து மேலே அண்ணாந்து பார்ப்பாள். “மோட்டார் போட்டாச்சாம்டா” என்று குரல் கொடுப்பாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள் பக்கம் திரும்புவாள்.

“அவன் என்னடி சொல்றான்? ஒண்ணும் கேக்கலையே?”

முதல் சில நாள் சமாதானம் உண்மையைச் சொன்னாள். அவன் இங்கே இல்லம்மா, போயிட்டான், என்று ஒவ்வொரு காலையும் சொன்னாள். ஒவ்வொரு காலையும் அம்மா அதைப் புதிதாகக் கேட்டு, படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இப்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டே வேறு பதில் சொல்கிறாள்.

“மோட்டார் ஓடுதும்மா. அதான் கேக்கல.”