மகளைக் கொடுக்காத ராச்சியம்

என் கணவருக்குக் கணினி விளையாட்டுப் பைத்தியம் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். சுடுகிற விளையாட்டோ கார் ஓட்டுகிற விளையாட்டோ அல்ல. ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முந்தைய உலகப் படத்தை விரித்துவைத்து, ஒரு ராச்சியத்தைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக ஆள்வது. யாரோடு கூட்டுச் சேர்வது, யாரை எப்போது அடிப்பது, எந்த வீட்டில் பெண் எடுப்பது என்று மணிக்கணக்கில் கதிரையில் இருந்து யோசிப்பார். அவருக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. பகல் முழுக்கக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீருக்கு அடிபடுகிற கமக்காரரைச் சமாதானம் பண்ணிவிட்டு வருகிற மனிசன், வீட்டுக்கு வந்தும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாரே என்று நக்கலடிப்பேன்.

எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்தாள். எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரும் அவருடைய அண்ணனும் பிள்ளையைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்து கட்டிலடியில் நின்றார்கள்.

“என்ன மாதிரி இருந்தவள்?” என்று கேட்டேன்.

“நீ பார்க்காதது நல்லது” என்றார்.

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சுமந்தவள் நான், முகம் பார்த்தவர் அவர். அந்தக் கோபத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. சொல்லி மன்னிப்புக் கேட்கிற எண்ணமும் இல்லை.

மன்னார் பள்ளிமுனையில் எங்கள் வீட்டு முன்னறையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சீனி வாங்க வந்தவர்களெல்லாம் ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள். “இளம் வயசுதானே பிள்ளை, ஆண்டவர் இன்னொண்டு தருவார்” என்றார் ஒரு அன்ரி. “ஓம் அன்ரி, மா முடிஞ்சால் அடுத்த மூட்டை எடுக்கிற மாதிரி” என்று சொல்லிவிட்டேன். அவர் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

வீட்டில் கதை நின்றுபோனது. சாப்பாடு போட்டாச்சு, கதவு பூட்டியாச்சு, அவ்வளவுதான். அவர் வாயைத் திறந்து பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் விளையாட இருந்தபோது, நானும் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்துவிட்டேன். அந்த வாய் பிள்ளையைப் பற்றித் திறக்காவிட்டாலும் ராசாக்களைப் பற்றியாவது திறக்கட்டும் என்று பார்த்தேன்.

திறந்தது. யாழ்ப்பாண ராச்சியத்தை எடுத்திருந்தார். எங்கள் மன்னாரும் அதற்குள்தான்.

“முதல் கொஞ்ச வருசந்தான் முக்கியம்” என்றார். “அதிலை பிழைவிட்டால் பிறகு என்ன செய்தாலும் எழும்பேலாது.”

எடுத்தவுடன் படை திரட்டக் கூடாதாம். நேரத்தை நிறுத்திவைத்து, சுற்றிவர யார் இருக்கினம், யாருக்கு யாரோடு பகை என்று பார்க்க வேண்டுமாம். தெற்கே இருக்கிற ராசாவிடம் எங்களைவிட இரண்டு மடங்கு படை. கடலுக்கு அக்கரையில் இருப்பவன் அவனைவிடப் பெரியவன்.

“அப்ப அக்கரையானைப் பிடியுங்கோவன்.”

“அவன் சும்மா வரமாட்டான். எங்களிட்டைக் குடுக்க என்ன இருக்கு?”

அப்போது ஒன்றும் இருக்கவில்லை. விளையாட்டில் ஒரு வருடம் போனதும் ராசாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பெயர் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே தட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைக்கென்று தெரிந்தெடுத்து வைத்திருந்த பெயர். ஞானஸ்நானம் இல்லாததால் எந்தப் புத்தகத்திலும் ஏறாத பெயர். அதை இங்கேயும் எழுதமாட்டேன். திரையில் அதை இரண்டு தரம் வாசித்தேன். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கந்தோர் விட்டு வந்ததும் விளையாட்டுத்தான். நேரத்தை ஆக மெதுவாக ஓடவிட்டார். அப்படி யாரும் விளையாடமாட்டார்களாம். ராச்சியத்தை விட்டுவிட்டு நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயது ஏற ஏறப் படத்தில் முகம் மாறும். கன்னம் வற்றியது, முடி வளர்ந்தது.

“இப்பிடியோ இருந்தவள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வரி குறைக்க வேணும்” என்றார். அடித்திருக்கலாம் போல இருந்தது.

பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது தெற்கு ராசா எல்லையில் படை குவித்தான். அதே கிழமை அக்கரை ராசாவிடமிருந்து தூது வந்தது. தன் மகனுக்கு எங்கள் பிள்ளையை நிச்சயம் பண்ணினால் கூட்டுச் சேர்கிறானாம், சண்டைக்கும் வருகிறானாம். கீழே இரண்டு பொத்தான்கள், சம்மதமா இல்லையா என்று. இந்த விளையாட்டில் மகள் இருப்பதே அதற்குத்தான், எவரும் யோசிக்காமல் சம்மதம் சொல்லுவார்கள் என்றார்.

“பிறகு அவளை இஞ்சை பார்க்கலாமோ?”

“இல்லை. வயசு வந்ததும் அங்கை போயிடுவாள். பிறகு அவையின்ரை பிள்ளை.”

“எனக்கு விருப்பமில்லை.”

“விளையாட்டுத்தானேயப்பா” என்றார். சொல்லிவிட்டு மவுசைச் சம்மதத்தின்மேல் கொண்டுபோனார். பிறகு இல்லை என்பதை அழுத்தினார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அந்த வீட்டில் நாங்கள் ஒருவரையொருவர் தொட்டு எவ்வளவு காலம்.

தெற்கு ராசா வந்தான். மன்னார் முதலில் போனது, பிறகு ஒவ்வொன்றாக. கடைசிக் கோட்டை விழுந்ததும் படங்களெல்லாம் மறைந்து, விளையாட்டு முடிந்தது என்று ஒரு வரி மட்டும் நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பிப் போக ஏலாத முறையில்தான் அவர் எப்போதும் விளையாடுவார். அதுதான் கெட்டித்தனமாம். என்ன கெட்டித்தனமோ. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

“அழாதை” என்றார். “முதலிலையிருந்து தொடங்குவம். அதே ராசா, அதே நாள். எல்லாம் அப்பிடியே செய்யிறன். அவள் வருவாள்.”

அப்படியே செய்தார். அதே இடத்தில் நிறுத்தினார், அதே ஆட்களுக்குத் தூது அனுப்பினார், அதே மாதிரி மெதுவாக ஓடவிட்டார். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். பிள்ளை பிறந்தது.

ஆண்பிள்ளை.

பெயர்ப் பெட்டி வந்து நின்றது. அவர் விரல்கள் விசைகளின்மேல் கிடந்தன, ஒன்றையும் தட்டவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கியது. என்னைத் திரும்பிப் பார்க்காமல், திரைக்குச் சொல்லுவதுபோலச் சொன்னார்.

“உன்ரை மூக்கு. தலை நிறையக் கறுத்த மயிர். என்ரை கையிலை தரேக்கை இன்னும் சூடு இருந்தது.”

நான் கதிரையைக் கிட்ட இழுத்தேன்.

“அண்ணைதான் பறிச்சுக்கொண்டு போனவர்” என்றார். “நான் குடுக்கேல்லை.”