தையல்நாயகி தின்ற மீன்

"இது நேத்து மீனு டீச்சரம்மா. ஐஸுல கெடந்தது. கொழம்பு வச்சா தேவலாம், வறுத்தீங்கன்னா வாயில வைக்க வெளங்காது."

காரைக்காலை அடுத்த நெரவியில், எங்கள் தெருமுனையில் கூடையை இறக்கியதும் தையல்நாயகி இப்படித்தான் வியாபாரத்தைத் தொடங்குவாள். நாம் கேட்கும் முன்பே மீனின் குறையைச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. எதிர்ச்சாரியில் உட்காரும் இன்னொரு மீன்காரி தலையில் அடித்துக்கொள்வாள். "இவ மீனு விக்க வந்தாளா, மீனு மேல பிராது குடுக்க வந்தாளா?" என்பாள். ஆனாலும் தினமும் முதலில் காலியாவது தையல்நாயகியின் கூடைதான்.

வயது நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் இருக்கும். கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று ஆட்டோக்காரர் முணுமுணுக்கக் கூடாதல்லவா? அதற்காகக் காலடியில் விரிக்கச் சொந்தமாக ஒரு தார்ப்பாய்த் துண்டு வைத்திருக்கிறாள். கணவர் சொக்கநாதன் பஹ்ரைனில் யாரோ ஒருவருடைய படகில் மீன் பிடிக்கிறார். அவர் அனுப்பும் குரல் பதிவுகளைத் தெருவே கேட்கும்படி வைத்துக்கொண்டு மீன் அரிவாள். அவர் "சாப்ட்டியா?" என்று பதிவில் கேட்டால், இவள் கையில் வாவல் மீனோடு "ஆச்சு, ஆச்சு" என்று போனைப் பார்த்துப் பதில் சொல்வாள். அந்தப் பதிலை அவருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் ஞாபகத்தில் இருக்காது. மெதுவாகப் பேச வராது. ரகசியம் அவளிடம் ஒரு நாழிகை தங்காது.

இப்படிப்பட்டவள்தான் ஒரு சாவு வழக்கில் முக்கியமான சாட்சி.

கிளிஞ்சல்மேட்டில் அவள் இருப்பது சுனாமிக் குடியிருப்பில். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அந்தப் பக்கத்து வீடு கவியரசனுடையது. ஃபைபர் படகு வைத்திருப்பவன். பட்டினச்சேரியில் சொந்தப் படகு வைத்திருக்கும் சிவநாதன் தன் ஒரே மகள் பாரதிப்ரியாவை அவனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார். போட்ட நகையும் கொடுத்த பாத்திரமும் போதாமல், படகுக்குப் புது இன்ஜின் வேண்டும் என்று ஆரம்பித்தது அந்த வீடு. "இன்ஜினுக்கு ஒங்கப்பன் என்னடி சொன்னான்?" என்ற அதட்டலும், பின்னாலேயே அடி விழும் சத்தமும், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதும் சுவர் வழியாகத் தையல்நாயகிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. தடுக்கப் போனவளைக் கவியரசனின் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "எங்க வூட்டு விசயம்" என்றாள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பாரதிப்ரியா அந்த வீட்டிலிருந்து பிணமாகத்தான் வெளியே வந்தாள். போலீஸ் வந்து கேட்டபோது ஊரில் பாதிப் பேருக்குக் காது கேட்காமல் போயிற்று. தையல்நாயகி மட்டும் கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

கைதான கவியரசனுக்குச் சில மாதங்களில் ஜாமீன் கிடைத்தது. சாட்சிகளை நேரிலோ பிறர் மூலமாகவோ அணுகக் கூடாது, கலைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் எங்கே போவான்? நேரே தன் வீட்டுக்குத்தான் வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் சாட்சி.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். படகு கரைக்கு வந்தால், கடலுக்குப் போக ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்குக் குழம்புக்கு நாலு மீன் கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பகை என்று அர்த்தம். மீன் விற்கிறவளுக்கு எதற்கு ஓசி மீன் என்று நான் ஒருமுறை தையல்நாயகியிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொக்கநாதன் பஹ்ரைன் போனதிலிருந்து அவள் வீட்டுக் குழம்பில் கவியரசன் வீட்டு மீன்தான்.

ஜாமீனில் வந்தவன் மறுபடி கடலுக்குப் போன முதல் நாள், அவன் அம்மா தட்டில் சங்கரா மீனோடு வாசலில் வந்து நின்றாள். தையல்நாயகியின் கை தன்பாட்டில் நீண்டது. வாங்கினாள், குழம்பு வைத்தாள், சாப்பிட்டாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் காதில் விழும்படி அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டு மீனத் தின்ன வாயி. எங்களுக்கு எதிரா கோர்ட்டுல தொறந்துருமா?"

"வயித்துல கெடந்த மீனு முள்ளா குத்துச்சு டீச்சரம்மா" என்றாள் தையல்நாயகி என்னிடம். அன்று அவள் குரல் தாழ்ந்திருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவள். தின்ற வீட்டுக்கு எதிராகப் பேசினால் நன்றி கெட்டவள் என்பார்கள். பேசாவிட்டால் செத்துப் போன பெண்ணுக்கென்று பேச வேறு ஒருவரும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தியைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அடுத்த தட்டு வந்தபோது தையல்நாயகி கையை நீட்டவில்லை. நேரே காரைக்காலுக்குப் போய்ச் சிவநாதனின் வக்கீல் அம்பலவாணனிடம் நடந்ததைச் சொன்னாள். ஜாமீனை ரத்து செய்யக் கோரி மனு போடப்பட்டது. சிவநாதன் மகளைப் பறிகொடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். "அவன் வெட்டிருவேன்னு மெரட்டுனான்னு சொல்லிரும்மா. மீனு கதையெல்லாம் அங்க எடுபடாது."

"மெரட்டலியேண்ணே" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மீனைத் தின்றதையாவது சொல்ல வேண்டாம் என்று வக்கீல் கேட்டுக்கொண்டதற்கு அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அந்த மனு விசாரணைக்கு வந்த அன்று நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளை என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தது. குழம்பு மீனுக்குக் கேஸ் போட்ட அதிசயத்தைப் பார்க்க வந்த கூட்டம். நீதிபதி அவளை அழைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். கவியரசனின் வக்கீல் எழுந்தார்.

"கொழம்புக்கு மீன் குடுக்கிறது உங்க ஊரு வழக்கம்தானே?"

"ஆமாங்க."

"கவியரசன் உங்களை மிரட்டினாரா?"

"இல்லீங்க. அவன் என் மொகத்தக்கூடப் பாக்கல."

"அந்த மீனை நீங்க வாங்கினீங்களா, இல்லையா?"

"வாங்குனேன். கொழம்பு வச்சுத் தின்னேன்."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் போச்சு என்றுதான் தோன்றியது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார்.

"தின்ன மீனுக்கு வாய மூடுன்னு மறுநாளு சொன்னாங்கய்யா. வழக்கத்துக்குக் குடுக்குறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. இதுக்குத்தான் குடுக்குறாங்கன்னு தெரிஞ்சிருந்தா கை நீட்டிருக்க மாட்டேன். தின்னது தின்னதுதான், இல்லேங்கல. அதுக்காவ அந்தப் புள்ள அழுதது என் காதுல வுழலேன்னு சொல்ல முடியுமாய்யா?"

சிரித்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை. குழாயடியில் நின்றிருந்த நாலு பேரில் ஒருத்தி, உமாமகேஸ்வரி, வேனில் வந்த கூட்டத்திலிருந்து தானே எழுந்து, "நானும் கேட்டேங்கய்யா" என்றாள். காது கேட்காத ஊரில் இன்னொரு காதும் திறந்துகொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவள் என் தெருவில் மீன் விற்கிறவள் என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

தாய் மூலம் சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகச் சொல்லிக் கவியரசனின் ஜாமீனை நீதிபதி ரத்து செய்தார். அவன் திரும்பவும் சிறைக்குப் போனான். வழக்கு இன்னும் முடியவில்லை. தையல்நாயகி கூண்டில் ஏறி முழுச் சாட்சி சொல்ல வேண்டிய நாள் இனிமேல்தான் வர இருக்கிறது. ஊர் அவளை ஒதுக்கிவைக்கவில்லை. ஆனால் கரைக்கு வரும் எந்தப் படகிலிருந்தும் அவள் வீட்டுக்கு இப்போது குழம்பு மீன் வருவதில்லை. கேட்டால், "கெடக்குது போங்க. எங்கூடையில இல்லாத மீனா?" என்பாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக்கூடத் தொடாமல் இருப்பாள். வலிக்காமல் என்ன?

போன வாரம் சிவநாதன் பட்டினச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். பின்னால் ஒரு பெட்டி. திறந்தார். கண்ணாடி மாதிரிக் கண்ணோடு பெரிய பெரிய கொடுவா.

"என் போட்டு மீனும்மா. கொழம்புக்கு வச்சுக்க. இனிமே ஒன் வூட்டுக்கு என் போட்டுலேருந்துதான் மீனு."

தையல்நாயகி குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "அருமையான மீனுண்ணே" என்றாள். பிறகு பெட்டியை மூடினாள்.

"நான் சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒங்க வூட்டு மீனும் வேணாண்ணே."

சிவநாதனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நான் என்ன அவனா? நான் ஒன் வாய அடைக்கவா வந்தேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"இல்லண்ணே. அந்தப் புள்ளைக்காவத்தான் சொல்றேன்" என்றாள் தையல்நாயகி.

அவள் முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். தன் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை அவருக்குக் காட்டினாள்.

"இத மட்டும் ஒரு கை தூக்கி வுடுங்கண்ணே."