மூன்றாவது லிப்டின் சிவப்புக் கோடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சமையலில் உப்பு கூடினாலே முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டவள் இதைச் சொல்லி முடிக்கும் வரை ஒரு தடவைகூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிப்டுகளை ஓட்டும் ஜாவா ப்ரோகிராம் அப்போதுதான் அவள் பொறுப்புக்கு வந்திருந்தது. மூன்றாவது லிப்ட் மட்டும் அடிக்கடி மேல்மாடியிலேயே நின்றுவிடும். ஞாயிறு மதியம் அதைப் பார்க்க அடித்தளத்துக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தாள். ப்ரோகிராம் எங்கே மெதுவாகிறது என்று காட்டும் ப்ரொஃபைலருக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழையது, லிப்ட் காத்திருக்கிறது என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். புதியது, எதற்காகக் காத்திருக்கிறது, பிடித்து வைத்திருப்பது எது என்பதையும் சிவப்புக் கோடாக வரைந்து காட்டியது.

கோட்டின் மேல் மவுஸை வைத்தாள்.

'குழியில் ஆள்.'

லிப்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. பழுது பார்க்க இறங்குகிறவர் அங்கே சுவரில் இருக்கும் பட்டனை அழுத்தினால் லிப்ட் அசையாது. அழுத்தியவர்தான் அதை விடுவிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

மெக்கானிக் நெட்டையனுக்குப் போன் போட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குழியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"கதவைத் திறந்து பாத்துட்டேன் மேடம். ஈ காக்கா இல்ல."

பழைய சிக்னல் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உடனே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அழைப்பு. நோயாளி காத்திருக்கிறார், மற்ற லிப்டுகளில் இடமில்லை, சீக்கிரம் என்றார்கள். அக்கா ஒரு நொடி தயங்கினாள்.

திரையிலேயே அந்தச் சிக்னலை அழித்தாள்.

சிவப்பு பச்சையானது. லிப்ட் இறங்கத் தொடங்கியது. ஐந்து... நான்கு...

லிப்ட் இறங்குகிறது என்று நெட்டையனிடம் சொல்லலாமென மறுபடி கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை.

குழிக்குள்தான் போனுக்கு டவர் கிடைக்காது.

நின்றிருக்கும் லிப்ட்தானே என்று அந்த மனிதர் உள்ளே இறங்கியிருக்கிறார்...

மூன்று...

நிறுத்தப் பார்த்தாள். இங்கிருந்து அழிக்க முடியும். திரும்பப் போட முடியாது. அதற்குக் குழியில் இருக்கும் பட்டன்தான்.

இரண்டு...

கத்தினாள்.

ஒன்று...

டக்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். கோடு சிவப்பானது.

'குழியில் ஆள்.'

லிப்ட் நின்றது.

அக்கா ஓடினாள். நெட்டையன் குழிக்கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் லிப்ட் நின்றிருக்கிறது. அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நிறுத்தலைன்னா நான் செத்திருப்பேன் மேடம்."

"நான் நிறுத்தல. நீங்கதானே பட்டனை அழுத்தினீங்க?"

அவர் கை அப்படியே நின்றது.

"பட்டனா? அதைத்தான் மேடம் டார்ச் அடிச்சுத் தேடிட்டிருந்தேன். அந்த இடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு."

மறுநாள் வாட்ச்மேன்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அதே குழியில் ஒரு மெக்கானிக் நசுங்கிச் செத்தாராம். விசாரணைக்காக அந்தப் பட்டனைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. செத்தவர் மேல் ஒரு தப்பும் இல்லையாம். முறைப்படி பட்டனை அழுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

பழைய சிக்னல் என்று நினைத்து, கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் அழித்துவிட்டார்.