முதலுதவி அறையில் ஆறு வருஷம்

ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற வேலையில் ஒரே ஒரு கஷ்டம், நமக்கு ஏதாவது என்றால் போய்ச் சொல்ல ஆள் கிடையாது. எண்பதுகளில் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் கம்பவுண்டராக இருந்தேன். அடுத்தவருக்குக் கட்டுப் போட்டே காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சத்து மாத்திரை

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலைபார்த்த மாதையன் தர்மபுரிப் பக்கத்துக்காரர். வாரம் ஒருமுறை வந்து பெஞ்சில் உட்காருவார். காய்ச்சல் இருக்காது, பிரஷர் சரியாக இருக்கும். அசதி என்பார். லீவு போடமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார், சிரித்தும் நான் பார்த்ததில்லை. சுபாவமே அப்படி என்று முடிவு கட்டி, பதிவேட்டில் "அசதி" என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவர் கொடுத்த நற்சான்றிதழில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீங்கதான் சார் நல்ல மனுசன். என்னா ஏதுன்னு கேக்காம மாத்திரை குடுக்கறீங்க."

மாம்பழம்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரு பயம். விடியுமுன்னே முழிப்பு, உடம்பெல்லாம் பாரம், எதிலும் ருசியில்லை. மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போவேன், பூட்டினோமா என்று திரும்பி ஓடிவருவேன். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு என் சிறுநீரைச் சர்க்கரை கண்டுபிடிக்கிற நீலத் திரவத்தில் காய்ச்சிப் பார்த்தேன். நிறம் மாறவே இல்லை. சர்க்கரை கிடையாது. சந்தோஷப்பட வேண்டியவன் இன்னும் பயந்தேன். பெயர் தெரிந்த நோய் என்றால் மருந்தாவது உண்டே!

அன்று மத்தியானம் டைம் ஆபீஸ் நடராஜன் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். சர்க்கரைதான் இல்லையே என்று இரண்டு தின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அடிச்சுக்கிட்டுத் திங்கறாங்க. நீ மட்டும் மாத்திரை முழுங்கற மாதிரி முழுங்கறியே."

புது டாக்டரம்மா

பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு டாக்டரம்மா வர ஆரம்பித்தார். அவருக்குக் கன்னடம், மாதையனுக்குத் தமிழ் மட்டும். நடுவில் நான். தூக்கம் எப்படி, சாப்பாடு ருசிக்கிறதா, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்கக் கேட்க, மாதையன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். எத்தனை நாளாக என்று அடுத்த கேள்வி. அதை மாதையனிடம் கேட்காமலே, ஆறு வருஷமாக என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் இன்னும் வாயே திறக்கலையே. இது யாரோட ஆறு வருஷம்?"

என் பெயர்

மாதையனை வெளியே உட்காரவைத்துவிட்டு விளக்கினார். அழ வேண்டும், படுத்த படுக்கையாக வேண்டும் என்பதில்லையாம். வேலைக்கும் போய்க்கொண்டு, வருஷக்கணக்கில் மனம் மங்கியே கிடப்பதும் ஒரு நோய்தானாம். சுபாவம் என்று நாமே நினைத்துக்கொள்வதால் பிடிபடாதாம். இரண்டு பேருக்கும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பதிவேட்டில் என் பெயரை நானே எழுத வேண்டும். மேனேஜர் பார்க்கிற பதிவேடு அது. மனநோய்க்காரனிடம் மருந்து அலமாரிச் சாவியை விடுவார்களா? வேலை போய்விடும் என்று பயந்தேன். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆறு வருஷமா இதை வச்சுக்கிட்டுத்தானே சாவியைக் காப்பாத்தினீங்க? எழுதுங்க."

பஸ்ஸில்

எழுதினேன். சாவி என்னிடமே இருந்தது. மறுவாரம் மாதையனும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பெங்களூர் போனோம். பஸ் கிளம்பியதும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்னா சார் பண்ணுது?"

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஊரைப் பேசவைத்த எனக்கு, அதற்குப் பதில் சொல்ல வாய் வந்தபோது பஸ் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டையே தாண்டிவிட்டது.