தேனோடை

இரண்டு முனைகளையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்காமல் தேனோடை எந்தப் படுக்கை விரிப்பையும் மடிப்பதில்லை. நாயுடுபுரத்து விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்வது அவள் வேலை. "கல்யாணச் சேலை எடுக்க வந்தவளாட்டம் இழுக்கா பாரு! வெரசா வா" என்று கூட வேலை செய்யும் ராஜகுமாரி நொடிப்பாள். "நூலு தாங்குதான்னு பாக்கணும்ல" என்பாள் தேனோடை. முதலாளி கழித்துப் போடும் விரிப்புகளில் கெட்டியானதைக் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்பிவிடுவாள்.

அவள் பெயர்மீது தங்க வருகிறவர்களுக்குக் கொள்ளை ஆசை. அன்று மழைக்கு அறையிலேயே அடைந்து கிடந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி, "எவ்வளவு ஸ்வீட்டான பேரு! என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள்.

"எங்க ஊரு வழியில இருக்குற ஓடைங்க. பாறையெல்லாம் தேனடை தொங்கும்."

"பொண்ணு பொறந்தா இந்தப் பேருதான் வைக்கப்போறேன்."

தேனோடை சிரித்துவைத்தாள். மீதியை ஒரு பிள்ளைத்தாச்சியிடம் எந்த வாயால் சொல்வது? பாச்சலூருக்குக் கீழே, மலைச்சரிவில் சாலை எட்டாத ஊர் அவளுடையது. பிரசவ வலி வந்தால் விரிப்பைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, ஆண்கள் தோளில் சுமந்துதான் ரோட்டுக்கு ஏற வேண்டும். வழியில் இறக்கி, பிள்ளை அங்கேயே பிறந்து தாய் போய்விட்டால், பிள்ளைக்கு அந்த இடத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். வைக்காவிட்டால், தாயைக் கொண்ட இடம் பிள்ளையையும் கேட்குமாம். தேனோடைக் கரையில் அவள் அம்மா அன்னக்கொடியைத் தூக்கிவந்த விரிப்பு கிழிந்தது. பாறைமேல் கிடத்தினார்கள். பிள்ளை அழுதது, தாய் கண் திறக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அன்றிலிருந்து அந்த ஊருக்கு ரோடு போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், வாயாலேயே.

இப்போது மகள் தேவசேனாவுக்கு நிறைமாதம். "முன்கூட்டியே இங்கன வந்துரு" என்று தேனோடை தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். காப்பிப்பழம் எடுத்து முடித்துவிட்டு வருவதாக மகள் தள்ளிப்போட்டுவிட்டாள்.

அடுத்த அறையில் விரிப்பை உதறும்போது கைபேசி அடித்தது. மருமகன் செல்வமுருகன்.

"அத்தே, அவளுக்கு வலி வந்துருச்சு. பாதி வழி தூக்கிட்டு வந்துட்டோம். ஓடையில தண்ணி ஏறிக்கெடக்கு, தாண்ட முடியல."

"நா குடுத்தனுப்புன விரிப்புதான கட்டிருக்கீக?"

"அது தாங்குதுத்தே. பயலுகளுக்குத்தான் தோளு தாங்கல. செத்த எறக்கி வச்சுக்கிறோம்."

"எந்த ஓடை?"

"உங்க பேரு ஓடைதான்த்தே."

"எறக்கிறாதீக மாப்ளே! தண்ணி வடியுற மட்டும் தோள்லயே வச்சிருங்க. உங்களக் கும்பிடுறேன், எறக்கிறாதீக!"

இணைப்பு அறுந்தது.

அலறல் கேட்டு ராஜகுமாரி ஓடி வந்தாள். தேனோடை விரிப்பின் முனைகளை முறுக்கித் தன் தோளில் போட்டு, இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி நின்றாள். வாங்கி வைக்கப் போனவளைக் கிட்டவே விடவில்லை.